ஒரே நோய், ஒரே மருந்து. விளைவு மட்டும் வேறாவது ஏன்?

ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பிரிவுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பாடநூல் ஒன்றே, ஆய்வுக்கூடம் ஒன்றே, ஆசிரியர்களும் சமமாகப் படித்தவர்கள். 'அ' பிரிவில் விளங்காததை எழுந்து கேட்டால் ஆசிரியர் மகிழ்கிறார். கரும்பலகையில் அவரே கூட்டலைத் தவறாகப் போட்டுவிட்டால், "ஐயா, அங்கே 17 வர வேண்டும் அல்லவா?" என்று ஒரு மாணவி சொல்ல முடிகிறது. 'ஆ' பிரிவில் கேள்வி கேட்டால் ஏளனம். ஆசிரியரின் தவறைச் சுட்டினால் தண்டனை. ஆகவே அங்கே யாரும் வாய் திறப்பதில்லை. ஆண்டு முடிவில் எந்தப் பிரிவு நன்றாகக் கற்றிருக்கும்? உங்களுக்கே தெரியும்.

மருத்துவமனைக்கும் இது பொருந்துமா? அங்கே உயிரைக் காப்பவை மருந்து, கருவி, மருத்துவரின் திறமை ஆகியவைதாமே? அங்கு வேலை செய்பவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழகுகிறார்கள் என்பதற்கும் நோயாளியின் இதயத்திற்கும் என்ன தொடர்பு? 'பெரிய தொடர்பு உண்டு' என்று வெறுமனே சொல்லிவிட்டால் அது அறிவியல் ஆகாது. அளந்து பார்க்க வேண்டும். சில ஆராய்ச்சியாளர்கள் அப்படி அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்டது என்ன என்பதைப் பார்ப்போம்.

அடைபட்ட குழாய்

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். இதயம் ஏறத்தாழ நம் கைமுட்டியளவு உள்ள தசைப்பை. நிமிடத்திற்கு 72 துடிப்பு என்று கொண்டால், ஒரு நாளில் அது 1,03,680 முறை துடிக்கிறது. (72 × 60 × 24, நீங்களே பெருக்கிப் பாருங்கள்.) உடல் முழுவதற்கும் இரத்தம் அனுப்பும் இந்தத் தசைக்கும் உணவும் ஆக்சிஜனும் வேண்டும். தன் அறைகளுக்குள் நிரம்பியிருக்கும் இரத்தத்திலிருந்து அது அவற்றை நேராக எடுத்துக்கொள்வதில்லை. மகாதமனியின் தொடக்கத்திலிருந்து கிளைத்து, இதயத்தின் மேற்பரப்பில் படர்ந்திருக்கும் கரோனரி தமனிகளே அதற்கு இரத்தம் கொண்டு வருகின்றன. அவற்றின் அகலம் சில மில்லிமீட்டர்தான்.

பல ஆண்டுகளாக இத்தமனிகளின் உட்சுவரில் கொழுப்புப் படிகிறது. ஒரு நாள் அந்தப் படிவு வெடிப்பு விட்டால், அந்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடுகிறது. இதுவே மாரடைப்பு. அடைப்பு முழுமையாக இருந்தால், ஏறத்தாழ அரை மணி நேரத்திற்குள் இதயத் தசை இறக்கத் தொடங்குகிறது. இந்த அழிவு சுவரின் உட்புறத்தில் தொடங்கி, சில மணி நேரத்தில் வெளிப்புறம் வரை பரவுகிறது. இறந்த தசை மீண்டும் வளராது. அந்த இடம் தழும்பாகிவிடும். தழும்பு சுருங்காது, ஆகவே இரத்தத்தைத் தள்ளாது.

ஆகவே அடைப்பை விரைவில் திறக்க வேண்டும். உறைவைக் கரைக்கும் மருந்தை ஊசி மூலம் செலுத்துவது ஒரு வழி. இன்னொரு வழி பலூன் சிகிச்சை. மணிக்கட்டிலோ தொடையிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்தி, அதன் நுனியிலுள்ள சிறு பலூனை அடைப்புள்ள இடத்தில் ஊதிப் பாதையைத் திறக்கிறார்கள். சுருங்கிய கரோனரி தமனி ஒன்றை இம்முறையில் முதன்முதலாக விரித்தவர் ஆண்ட்ரியாஸ் க்ருன்ட்ஸிக். 1977ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிச் நகரில் அவர் இதைச் செய்தார். பின்னர் மாரடைப்பு நேரத்திலும் இம்முறை பயன்பட்டது. இப்போது பலூனோடு ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாயையும் உள்ளே பொருத்துகிறார்கள்.

வாசலிலிருந்து பலூன் வரை

நோயாளி மருத்துவமனை வாசலை அடைந்த நொடியிலிருந்து தமனி திறக்கும் நொடி வரையுள்ள நேரத்தை மருத்துவர்கள் தனியாகக் கணக்கிடுகிறார்கள். அது 90 நிமிடத்திற்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க மருத்துவர்கள் வகுத்துக்கொண்ட இலக்கு. 2005ஆம் ஆண்டில் அந்நாட்டில் இச்சிகிச்சை பெற்றவர்களில் 44 விழுக்காட்டினருக்கே இந்த இலக்கு எட்டியது. கருவி இருந்தது; மருந்து இருந்தது; பயிற்சி பெற்ற மருத்துவரும் இருந்தார். பிறகு நேரம் எங்கே போயிற்று?

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். நள்ளிரவில் நெஞ்சு வலியோடு ஒருவர் வருகிறார். ஈ.சி.ஜி. எடுக்க 10 நிமிடம். அவசரப் பிரிவு மருத்துவர் இதய மருத்துவரை அழைத்து, அவருடைய ஒப்புதலைப் பெற 20 நிமிடம். பலூன் சிகிச்சை நடக்கும் 'கேத் லேப்' அறையின் ஊழியர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைக்க 15 நிமிடம். அவர்கள் வீட்டிலிருந்து வந்து சேர 30 நிமிடம். நோயாளியை ஆயத்தம் செய்து அறைக்குக் கொண்டு செல்ல 15 நிமிடம். குழாயைச் செலுத்தித் தமனியைத் திறக்க 25 நிமிடம். மொத்தம் 115 நிமிடம். இதில் ஒருவர்கூடச் சோம்பி உட்காரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இயற்பியலில் தொடர் இணைப்பு, பக்க இணைப்பு என்று படித்திருப்பீர்கள். மின்தடைகளைத் தொடராக இணைத்தால் அவை கூடிக்கொண்டே போகும். மேற்சொன்ன வேலைகளும் அப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. சில வேலைகளைப் பக்கம் பக்கமாக வைத்தால் என்ன ஆகும்? ஈ.சி.ஜி.க்கு 10 நிமிடம். அதைப் பார்த்த அவசரப் பிரிவு மருத்துவர் தாமே முடிவெடுத்து, ஒரே அழைப்பில் எல்லோரையும் வரச் செய்ய 5 நிமிடம். ஊழியர்கள் வந்து சேர 20 நிமிடம். அதே நேரத்தில் இங்கே நோயாளியின் ஆயத்தமும் 15 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்து 20 நிமிடந்தான். (மின்தடைக்குரிய சூத்திரம் இங்கே பொருந்தாது. பக்கம் பக்கமாக நடக்கும் வேலைகளில் எது நீண்டதோ அதன் நேரமே கணக்கு.) பிறகு தமனியைத் திறக்க 25 நிமிடம். மொத்தம் 60 நிமிடம். எவருடைய கையும் முன்னைவிட வேகமாக ஓடவில்லை. 55 நிமிடம் மிச்சம்.

ஆறு வழிகள்

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிசபெத் பிராட்லியும் அவருடைய குழுவினரும் 365 மருத்துவமனைகளில் வேலை நடக்கும் முறையைக் கேட்டறிந்தார்கள். நேரத்தைக் குறைக்கக்கூடும் என்று கருதப்பட்ட 28 முறைகளை ஆராய்ந்து, உண்மையிலேயே நேரத்தைக் குறைப்பவை ஆறு என்று 2006ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஒவ்வொன்றாலும் சராசரியாக எத்தனை நிமிடம் மிச்சமானது என்பதையும் கணக்கிட்டார்கள்:

1. இதய மருத்துவருக்காகக் காத்திராமல் அவசரப் பிரிவு மருத்துவரே கேத் லேபுக்கு அழைப்பு விடுப்பது: ஏறத்தாழ 8 நிமிடம்.
2. ஒரே அழைப்பில் குழு முழுவதையும் வரச் செய்வது: 14 நிமிடம்.
3. நோயாளி ஆம்புலன்சில் வந்துகொண்டிருக்கும்போதே அழைப்பு விடுப்பது: 15 நிமிடம்.
4. அழைத்த 20 நிமிடத்தில் ஊழியர்கள் வந்துவிட வேண்டும் என்ற விதி: 19 நிமிடம்.
5. இதய மருத்துவர் ஒருவர் எந்நேரமும் மருத்துவமனையிலேயே இருப்பது: 15 நிமிடம்.
6. ஒவ்வொரு நோயாளிக்கும் எவ்வளவு நேரமாயிற்று என்பதைச் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் உடனுக்குடன் தெரிவிப்பது: 9 நிமிடம்.

இவற்றில் விலையுயர்ந்த கருவி ஏதாவது இருக்கிறதா? இல்லை. ஆனாலும் அப்போது இவற்றைப் பின்பற்றிய மருத்துவமனைகள் சிறுபான்மையே. ஏன்?

முதல் வழியை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப் பிரிவு மருத்துவர் ஈ.சி.ஜி.யைப் பார்த்து மாரடைப்பு என்று முடிவு செய்கிறார். இரவு இரண்டு மணிக்கு நான்கைந்து பேர் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடி வருகிறார்கள். வந்து பார்த்தால் மாரடைப்பு இல்லை. இப்படிச் சில முறை நடக்கத்தான் செய்யும், ஈ.சி.ஜி. ஒவ்வொரு முறையும் தெளிவாகப் பேசுவதில்லை. அப்போது வந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "பரவாயில்லை, சந்தேகம் வந்தால் மறுபடியும் கூப்பிடுங்கள்" என்று சொன்னால், அடுத்த முறையும் அவர் தயங்க மாட்டார். "இதற்கா எங்களை எழுப்பினீர்கள்?" என்று சீறினால், அடுத்த முறை நிச்சயம் செய்துகொள்ள இன்னொரு ஈ.சி.ஜி. எடுப்பார், மூத்தவர் ஒருவரைக் கேட்பார். அந்தத் தயக்கத்தின் ஒவ்வொரு நிமிடமும் யாரோ ஒருவருடைய இதயத் தசையிலிருந்து கழிகிறது.

ஓர் இடத்தில் வேலை செய்பவர்கள் ஒருவரோடு ஒருவர் நடந்துகொள்ளும் முறை, தவறு நேர்ந்தால் அதை எதிர்கொள்ளும் விதம், மேலே இருப்பவரிடம் கீழே இருப்பவர் எந்த அளவு பேச முடிகிறது என்பது ஆகியவற்றைச் சேர்த்துப் 'பணிப் பண்பாடு' என்கிறோம். இது சுவரில் ஒட்டிய விதிகளில் இருப்பதில்லை. அன்றாடப் பழக்கத்தில் இருப்பது.

2006ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க இதய மருத்துவர் கழகம் மருத்துவமனைகளை ஒன்று சேர்த்து, இத்தகைய வழிகளைப் பரப்பத் தொடங்கியது. விளைவு வியப்பானது. நேரத்தின் இடைநிலை அளவு 2005இல் 96 நிமிடமாக இருந்தது. 2010இல் 64 நிமிடமாயிற்று. 90 நிமிடத்திற்குள் சிகிச்சை பெற்றவர்கள் 44 விழுக்காட்டிலிருந்து 91 விழுக்காடாக உயர்ந்தார்கள்.

கடிகாரம் மட்டும் போதுமா?

இங்கே நாம் அவசரப்பட்டுக் கைதட்டிவிடக் கூடாது. 2013இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு 515 மருத்துவமனைகளின் பதிவேடுகளை ஆராய்ந்தது. மூன்று ஆண்டுகளில் நேரத்தின் இடைநிலை அளவு 83 நிமிடத்திலிருந்து 67 நிமிடமாகக் குறைந்திருந்தது. ஆனால் மருத்துவமனையில் இறந்தோர் விகிதம் 4.8 விழுக்காட்டிலிருந்து 4.7 விழுக்காடாகத்தான் ஆகியிருந்தது. விரைவு வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வலி தொடங்கிய பிறகு வீட்டிலேயே பல மணி நேரம் இருந்துவிட்டு வருபவருக்கு, வாசலுக்குப் பின் மிச்சப்படும் 16 நிமிடம் சிறிதாகிவிடுகிறது. தமனி திறந்த பிறகும் எத்தனையோ நாள் கவனிப்பு தேவைப்படுகிறது. கடிகாரம் அளப்பது சிகிச்சையின் ஒரு பகுதியை மட்டுமே.

அப்படியானால் உயிர் பிழைப்பதில் மருத்துவமனைகளுக்கிடையே வேறுபாடு வருவது எதனால்? இக்கேள்விக்கு விடை தேடி லெஸ்லி கரி, பிராட்லி ஆகியோரின் குழு 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. மாரடைப்பு வந்து 30 நாளுக்குள் இறப்போர் விகிதத்தை வைத்து அமெரிக்க மருத்துவமனைகளை வரிசைப்படுத்தினார்கள். இளைஞர்கள் அதிகம் வரும் மருத்துவமனையையும், வேறு நோய்களும் கொண்ட முதியவர்கள் அதிகம் வரும் மருத்துவமனையையும் அப்படியே ஒப்பிடுவது நியாயமாகாது. ஆகவே வயது, பிற நோய்கள் ஆகியவற்றுக்கு ஈடு செய்து கணக்கிட்ட விகிதத்தையே எடுத்துக்கொண்டார்கள். வரிசையின் முதல் 5 விழுக்காட்டிலும் கடைசி 5 விழுக்காட்டிலும் இருந்தவற்றில் 11 மருத்துவமனைகளைத் தேர்ந்து, நேரில் சென்று, 158 ஊழியர்களிடம் விரிவாகப் பேசினார்கள்.

சிகிச்சை விதிமுறைகளும் நடைமுறைகளும் சிறந்த மருத்துவமனைகளில் ஒருவிதமாகவும், பின்தங்கியவற்றில் வேறுவிதமாகவும் இருக்கும் என்றே நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். ஆனால் இரண்டு வகையிலும் விதவிதமான நடைமுறைகள் இருந்தன; அவற்றை வைத்துச் சிறந்ததையும் பின்தங்கியதையும் பிரித்தறிய முடியவில்லை. பிரித்துக் காட்டியவை வேறு ஐந்து: எல்லோருக்கும் பொதுவான குறிக்கோள், மேல் நிர்வாகிகளின் நேரடி ஈடுபாடு, எல்லா வகைப் பணியாளர்களும் மாரடைப்புச் சிகிச்சையை அறிந்து அதில் பங்கேற்பது, பிரிவுகளுக்கிடையே தடையற்ற பேச்சு, தவறு நேர்ந்தால் 'யார் செய்தது?' என்று தேடுவதோடு நில்லாமல் 'ஏன் நேர்ந்தது?' என்று ஆராய்ந்து கற்பது.

ஒருவர் காண்பதை மற்றவர் காண்பதில்லை

ஊர் கூடித் தேர் இழுக்கும்போது, முன்னால் வடம் பிடிப்பவருக்குச் சக்கரம் தெரியாது. சக்கரத்துக்குக் கட்டை போடுபவருக்கு முன்னாலுள்ள பாதை தெரியாது. இருவரும் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் தேர் நேராக ஓடும். இதய அறுவைச் சிகிச்சையும் இதைப் போன்றதே.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சனும் அவருடைய துணைவர்களும் 16 மருத்துவமனைகளின் இதய அறுவைக் குழுக்களை ஆராய்ந்து 2001இல் எழுதினார்கள். பழைய முறையில் மார்பெலும்பைப் பிளந்து இதயத்தை நேரில் பார்த்தே அறுவை செய்வார்கள். அப்போது அறிமுகமாகியிருந்த புதிய முறையில் விலா எலும்புகளுக்கிடையே சிறு திறப்பு வழியாக வேலை நடக்கும். நோயாளிக்கு வலி குறைவு. ஆனால் அறுவை மருத்துவரின் கண்ணுக்கு முன்போல் எல்லாம் தெரியாது. மகாதமனியை உள்ளிருந்து அடைக்கும் பலூன் சரியான இடத்தில் இருக்கிறதா என்பது, ஒலி அலைப் படத்தைப் பார்க்கும் மயக்க மருந்து நிபுணருக்குத் தெரியும். அழுத்தம் மாறுவது இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவருக்குத் தெரியும். அவர்கள் உடனே வாய் திறந்து சொல்லியாக வேண்டும்; மருத்துவரும் காது கொடுத்துக் கேட்டாக வேண்டும்.

எல்லாக் குழுக்களும் பெற்றது ஒரே மூன்று நாள் பயிற்சி. ஆனால் சில குழுக்கள் விரைவில் தேர்ச்சி பெற்றன; சில குழுக்கள் தடுமாறின. பெரிய பல்கலைக்கழக மருத்துவமனையா, அறுவை மருத்துவர் மூத்தவரா என்பவை இதைத் தீர்மானிக்கவில்லை. 'இது நம் எல்லோருக்கும் புதிது. நீங்கள் கண்டதைச் சொல்லாவிட்டால் என்னால் செய்ய முடியாது' என்ற எண்ணத்தோடு தலைமை மருத்துவர் நடந்துகொண்ட இடங்களில் கற்றல் விரைந்தது. 'நான் செய்கிறேன், நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள்' என்றிருந்த இடங்களில் செவிலியர்களும் மற்றவர்களும் கண்டதையும் சொல்லத் தயங்கினார்கள்.

பேச்சு கேட்கப்படாத இடம்

பேச்சுக்கு இடமில்லாமற்போனால் எவ்வளவு பெரிய இழப்பு நேரும் என்பதற்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர வரலாறு சான்று. அங்கிருந்த பிரிஸ்டல் ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையில், பிறவியிலேயே இதயக் குறை கொண்ட குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை நடந்து வந்தது. 1988இல் அங்கே மயக்க மருந்து நிபுணராகச் சேர்ந்தவர் ஸ்டீபன் போல்சின். அறுவைகள் மிக நீண்ட நேரம் நடப்பதையும் குழந்தைகள் அதிகமாக இறப்பதையும் அவர் கவனித்தார். 1990இல் மருத்துவமனையின் தலைமை நிர்வாகிக்குக் கடிதம் எழுதினார். பிறகு விவரங்களைத் திரட்டிக் கணக்கிட்டுக் காட்டினார். ஆயினும் அறுவைகள் தொடர்ந்தன. 1995 ஜனவரியில், ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றின் அறுவைக்கு முந்திய மாலை மருத்துவர்கள் கூடிப் பேசினார்கள். போல்சின் வேண்டாம் என்றார். அறுவை நடந்தது, குழந்தை இறந்தது.

பின்னர் அரசு அமைத்த விசாரணைக் குழு, இயன் கென்னடியின் தலைமையில் 1984 முதல் 1995 வரையிலான காலத்தை ஆராய்ந்து, 2001 ஜூலையில் அறிக்கை அளித்தது. அதன்படி, 1991 முதல் 1995 வரை, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 30 முதல் 35 பேர், மற்ற மருத்துவமனைகளில் எதிர்பார்க்கக்கூடிய அளவுக்கு மேலாக அங்கே இறந்திருந்தார்கள்.

அவர்கள் எல்லோரும் கொடியவர்களா? இல்லை. பணியில் அக்கறை கொண்டு உழைத்தவர்களே என்று அறிக்கை சொல்கிறது. ஆனால் அதிகாரம் ஒரு சிலர் கையில் குவிந்திருந்தது. நெருங்கிய வட்டத்துக்குள் இருப்பவர், வெளியே இருப்பவர் என்ற பிரிவு இருந்தது. அறுவை நடப்பது ஒரு கட்டடம். குழந்தைகளின் இதய மருத்துவர்கள் இருப்பது வேறொரு கட்டடம். எச்சரிக்கை கொடுத்தவருக்கு அதைக் கேட்க வேண்டியவரிடம் வழியில்லை. நல்ல எண்ணமும் உழைப்பும் இருந்தும் குழந்தைகள் இறந்தார்கள் என்பதுதான் இதில் நாம் மறக்கக் கூடாத செய்தி.

பிரிஸ்டலில் நிலைமை பிறகு மாறியது. ஒரு வயதுக்குட்பட்டவர்களின் திறந்த இதய அறுவையில் இறப்பு 1991-95 காலத்தில் 29 விழுக்காடாக இருந்தது. 1999-2002 காலத்தில் 3 விழுக்காடாகக் குறைந்தது. புதிய அறுவை மருத்துவர் வந்ததும், வேலையின் அமைப்பு மாறியதும், நாடு முழுவதும் மருத்துவம் முன்னேறியதும் இதற்குக் காரணங்கள்.

ஒருவரை ஒருவர் பார்க்கப் போனார்கள்

இதற்கு நேர் எதிரான கதை அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் நடந்தது. மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் ஆகிய மூன்று மாநிலங்களின் இதய அறுவை மருத்துவர்கள் 1987இல் ஒரு குழுவாகச் சேர்ந்து, தங்கள் நோயாளிகளின் விவரங்களை ஒரே பதிவேட்டில் எழுதத் தொடங்கினார்கள். மருத்துவமனைக்கு மருத்துவமனை இறப்பு விகிதம் வேறுபடுவதை அந்தப் பதிவேடு காட்டியது. 'எங்களிடம் வரும் நோயாளிகள் மோசமான நிலையில் வருகிறார்கள்' என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை. அதற்கும் ஈடு செய்து பார்த்தாயிற்று.

1990-91இல் அங்கிருந்த 23 அறுவை மருத்துவர்களும் மூன்று காரியங்கள் செய்தார்கள். அவரவர் விளைவுகளை அவரவருக்குத் தொடர்ந்து தெரிவித்தார்கள். வேலை நடக்கும் முறையை ஆராய்ந்து திருத்தப் பயிற்சி பெற்றார்கள். மூன்றாவதுதான் சுவையானது: ஒரு மருத்துவமனையின் குழு இன்னொரு மருத்துவமனைக்குச் சென்று, அங்கே வேலை நடப்பதை நேரில் கண்டது. போட்டியாளர் ஒருவரைத் தன் அறுவை அறைக்குள் நிற்க வைத்துப் பார்க்கச் சொல்வது எளிதன்று. அதற்கு மனம் வேண்டும். 1996இல் வெளிவந்த கணக்கின்படி, கரோனரி பைபாஸ் அறுவையில் இறப்பு 24 விழுக்காடு குறைந்தது. எதிர்பார்த்ததைவிட 74 பேர் குறைவாக இறந்திருந்தார்கள்.

பண்பாட்டை மாற்ற முடியுமா?

முடியும் என்றே தோன்றுகிறது. யேல் குழுவினர் 10 மருத்துவமனைகளில் இரண்டு ஆண்டுகள் இதை முயன்று, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொரு மருத்துவமனையிலும் பல படிநிலைகளைச் சேர்ந்தவர்களை ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைத்தார்கள். பணிப் பண்பாட்டை வினாத்தாள் மூலம் பலமுறை அளந்தார்கள். ஆறு மருத்துவமனைகளில் நல்ல மாற்றம் தெரிந்தது. அந்த ஆறிலும் மாரடைப்பு இறப்பு விகிதம் சராசரியாக ஒரு விழுக்காட்டுப் புள்ளி அளவுக்குக் குறைந்தது. மற்ற நான்கில் அவ்வளவு குறையவில்லை. ஒரு விழுக்காட்டுப் புள்ளி என்பது நூறு நோயாளிகளில் ஓர் உயிர். பத்து மருத்துவமனைகள் என்பது சிறிய எண்ணிக்கை என்பதையும் மறந்துவிட வேண்டாம். இரண்டு அளவுகள் சேர்ந்தே மாறினால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று உடனே முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் வேறு வேறு இடங்களில், வேறு வேறு முறைகளில் செய்த ஆய்வுகள் ஒரே பக்கம் கை காட்டும்போது, அந்தப் பக்கம் கவனிக்கத்தக்கது.

உங்களில் சிலர் நாளை மருத்துவராகலாம், செவிலியராகலாம், ஈ.சி.ஜி. எடுப்பவராகலாம், ஆம்புலன்ஸ் ஓட்டலாம். உடற்கூறும் மருந்தியலும் அங்கே கற்றுத் தருவார்கள். கண்டதைத் தயங்காமல் சொல்வதையும், இளையவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதையும் இப்போதே, உங்கள் வகுப்பின் ஆய்வுக்கூட மேசையிலேயே பழகத் தொடங்கலாம்.

செய்து பாருங்கள்

ஆறு பேர் கொண்ட குழு அமைத்து, ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனைக்கான கருவிகளை ஆயத்தம் செய்யுங்கள். முதல் முறை, ஒருவர் தம் வேலையை முடித்துச் சொன்ன பிறகே அடுத்தவர் தொடங்க வேண்டும். இரண்டாம் முறை, ஒரே குரலில் எல்லோரும் தொடங்கி, சேர்ந்து செய்யக்கூடியவற்றைச் சேர்ந்து செய்யுங்கள். இரு முறையும் ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வேலைகளைக் கட்டாயம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்ய முடியும் என்பதையும் பட்டியலிடுங்கள்.

சிந்தித்து விடை தாருங்கள்

1. கட்டுரையிலுள்ள கற்பனைக் கணக்கில், ஆம்புலன்சிலேயே ஈ.சி.ஜி. எடுத்து, நோயாளி வாசலை அடைவதற்கு 10 நிமிடம் முன்பே அழைப்பு விடுத்துவிட்டால், வாசலிலிருந்து பலூன் வரை எத்தனை நிமிடம் ஆகும்? (குறிப்பு: நோயாளியின் ஆயத்தம் வாசலை அடைந்த பிறகே தொடங்கும்.)

2. இரண்டு மருத்துவமனைகளின் இறப்பு விகிதத்தை ஒப்பிடும் முன், நோயாளிகளின் வயதையும் பிற நோய்களையும் ஏன் கணக்கில் கொள்ள வேண்டும்?

3. ஏமி எட்மண்ட்சன் 1996இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், ஒற்றுமையாக வேலை செய்யும் செவிலியர் குழுக்களில் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அந்தக் குழுக்கள் உண்மையிலேயே அதிகத் தவறு செய்தன என்று முடிவு செய்யலாமா? 'செய்த தவறு', 'பதிவான தவறு' ஆகிய இரண்டும் ஒன்றா என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.